கதவைச் சாத்திப் பார்த்தவர்

கதவைச் சாத்தியிருக்கவே கூடாது. அடிபட்ட வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கதவைப் படாரென்று இழுத்துச் சாத்துகிற ஆளை என்னவென்று சொல்வது? அதுவும் யார், நஞ்சப்பன்! கோயமுத்தூர் கணபதியில் நாற்பத்தோரு வருஷம் டிங்கரிங் பட்டறை வைத்து, நசுங்கி வந்த வண்டிகளைத் தட்டி நிமிர்த்தியே தலை நரைத்த மனுஷன். திறந்து கிடந்த கதவில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது, கீழ்க்கீல் வளைந்திருக்கிறது, வண்டியின் உடம்பே இடது பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது, இந்தக் கதவு தன் சட்டத்துக்குள் நேராகப் போய் உட்காராது என்று. தெரிந்தும் சாத்தினார். பழக்கம், வேறென்ன. வண்டி பார்க்க வருகிறவன் டயரை உதைப்பான், பானெட்டைத் தூக்கிப் பெரிய இஞ்சினியர் மாதிரி எட்டிப் பார்ப்பான். டிங்கர் கதவைத்தான் சாத்துவான். தொப்பென்று விழுந்தால் கம்பெனித் தகரம். டப்பென்று அடித்தால் எவனோ உள்ளே பட்டியை அப்பி பெயிண்ட் அடித்து ஏமாற்றியிருக்கிறான். கூடவே ஒரு கிலுகிலுப்பு வந்தால் துரு, உள்ளே கொட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு சாத்து, வண்டியின் ஜாதகமே வந்துவிடும். அப்படி எத்தனை வண்டிக்கு ஜாதகம் பார்த்திருப்பார்! அந்தக் கை இன்றைக்கும் தானாகப் போய்ப் பிடியை இழுத்தது. கதவு வந்து விழுந்தது தொடையில் தெரிந்தது, பல்லில் தெரிந்தது, ஸ்டியரிங்கில் வைத்திருந்த உள்ளங்கையில் தெரிந்தது. காதில் மட்டும் ஒன்றும் இல்லை. தொப்பா, டப்பா, ஒரு எழவும் தெரியவில்லை. சரி போகட்டும் என்று திறக்கிற கொக்கியை இழுத்தால், அது செத்த பல்லி வால் மாதிரி மடங்கிக் கையோடு வந்தது. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. தோளால் முட்டினார். அசையவில்லை. இடது பக்கக் கதவோ மரத்தில் மோதியதில் உள்ளே குழிந்து, பக்கத்து சீட்டையே பாதி தின்றுவிட்டிருந்தது. இந்தப் பக்க ஜன்னல் கண்ணாடி இரண்டு விரக்கடை இறங்கி நின்றுகொண்டது. அதில் கையை விடலாம், நஞ்சப்பனை விட முடியாது.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. சீமையில் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், கூரை போட்டது, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற ஜாதி. கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் இந்த மாதிரி வண்டி மூன்றோ நாலோ. இது ரேஸ்கோர்ஸ் ஹேமலதா அம்மாவுடைய அண்ணன் ரகுநாத் ஓட்டியது. கல்லாறு வளைவில் மரத்தில் கொண்டுபோய்ச் சாத்தி, தொடை எலும்பை உடைத்துக்கொண்டு, பிழைத்து, ஆஸ்திரேலியா போய்விட்டார். வண்டி முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டுப் பின்கட்டு ஷெட்டிலேயே கிடக்கிறது, எலி மூத்திர வாடையும் பழைய ரெக்சின் வாடையுமாக. பாகம் பாகமாகக் கழற்றி விற்கலாம் என்று மூன்று பேர் வந்தார்களாம், அந்தம்மா மூன்று பேரையும் கேட்டோடு அனுப்பிவிட்டார். ரோட்டில் ஓட்டிக் காட்டுகிறவனுக்குத்தான் வண்டி. 'ஓட்டிக் காமிக்கறனுங்க' என்று நஞ்சப்பன் நெஞ்சைத் தட்டிச் சொன்னார். அந்தம்மாவுக்கு மூஞ்சி மலர்ந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கக் கூடாதா? 'அஞ்சு நிமிஷம் இருங்க, அண்ணனை லைன்ல புடிச்சுக் கொண்டாறேன். அவர் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசாமக் குடுக்க மாட்டேங்கறார்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உதட்டைப் பார்த்துப் பார்த்து நஞ்சப்பன் அதைப் புரிந்துகொண்டார். லைனில். போனில். நேரில் என்றால் சமாளிப்பார், உதடு இருக்கிறது, கண் இருக்கிறது, பேசுகிறவன் கை ஆட்டுகிறான். போனில் என்ன இருக்கிறது? குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அதுதான் ராப்பகலாக அவர் காதில். போனை வைத்தால் அந்தச் சீறலுக்குள் எங்கேயோ ஒரு கொசு பேசுகிற மாதிரி. ஆஸ்திரேலியாக்காரர் பானெட் தகரத்தைப் பற்றிக் கேட்பார், ஸ்டியரிங் பாக்ஸைப் பற்றிக் கேட்பார், இவர் 'ஆமாங்க, சரிங்க, ஆமாங்க' என்பார். 'வண்டியை நெருப்பு வெச்சுக் கொளுத்தப் போறியா' என்று கேட்டாலும் 'ஆமாங்க' என்பார். அதோடு முடிந்தது. ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் போன். நல்லா வந்து மாட்டினடா நஞ்சப்பா.

காது போனது திடீரென்று போகவில்லை. சுத்தியல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் மைனா போச்சு, அப்புறம் செல்போன் மணி, அப்புறம் பெண்பிள்ளைகள் குரல். பக்கத்துக் கடை வெல்டிங் மருதாசலம் காதில் மெஷின் வைத்துக்கொண்டு வந்தான், மறுநாளே தெரு முழுக்க அவனுக்கு 'மெஷினு' என்றுதான் பேர். பாரு, அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று சிரித்தவர்களில் நஞ்சப்பனும் ஒருத்தர். நமக்கு அந்தப் பேர் வரக் கூடாது, அவ்வளவுதான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதில் இல்லை. ஊரில் என்ன சொன்னார்கள்? 'நஞ்சப்பனுக்கு வயசாக வயசாகத் திமிரு ஏறுது' என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். திமிர் பிடித்தவன் என்றால் நாலு பேர் பயப்படுவார்கள், செவிடன் என்றால் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று விளையாட்டுக் காட்டுவார்கள். மகன் கௌதம் பட்டறையை எடுத்துக்கொண்டு, 'அப்பா நீங்க சேர்ல உக்காருங்க, போதும்' என்றான். தெய்வானை ஒரு நாள், 'பக்கத்துல தானே நிக்கறேன், ஏன் இப்படிக் கத்தறீங்க' என்றாள். 'எம் பொண்டாட்டி, நான் கத்துவேன்' என்று சொல்லி வைத்தார். இந்த வண்டி மட்டும் கைக்கு வந்துவிட்டால் கதையே வேறு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டாய் போட்டு, வண்டியை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, ஒருத்தன் வந்து ஒரு வார்த்தை பேச முடியாது. வேலையில் இருக்கிறார், தொந்தரவு பண்ணாதீங்க என்பார்கள். தகரம் பேசாது. பேசினாலும் கையோடு பேசும், அது அவருக்குக் கேட்கும். இதுக்காகத்தான் வந்தது. வண்டி மேல் ஆசை என்று தெய்வானை நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம், இந்த வயசில் இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதா என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆசையாவது மண்ணாவது. ஒளிய இடம் வேண்டும். ஒளிய வந்த இடத்தில்தான் இப்படிக் கொக்கி கையோடு வந்துவிட்டது.

வேர்த்தது. ஷெட்டுக்கு மேலே சிமெண்ட் ஷீட், பதினோரு மணி வெயில் அதில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஜன்னல் கைப்பிடியைத் திருகினார், சுற்றிக்கொண்டே இருந்தது, கண்ணாடி நகரவில்லை. கத்தினால் என்ன? 'ஏனுங்கம்மா, கதவு மாட்டிக்கிச்சுங்' என்று ஒரு குரல் விட்டால் ஓடி வருவார்கள். ஆனால் அவர்கள் திரும்ப ஏதாவது கேட்பார்களே, எந்தப் பக்கமிருந்து கேட்கிறார்கள் என்றே தெரியாதே. அன்றைக்கும் இப்படித்தான். வேண்டாம், அதை இப்போது நினைக்காதே. கதவைப் பார், கீழ்க்கீலை ஒரு மில்லி நகர்த்தினால் போதும், பாதத்தால் கீழே உதைத்துக்கொண்டே தோளை மேலே... அன்றைக்குப் பட்டறையில் தனியாக இருந்தார். தெய்வானை மகள் பிரசவத்துக்கு ஓசூர் போயிருந்தாள், கௌதம் சென்னையில். போன் அதிர்ந்தது, அக்கா மகள் அமுதா பேர் தெரிந்தது. எடுத்தார். சீறல். கொசு. 'சரி கண்ணு' என்றார். மறுபடி கொசு. 'சரி சரி, வந்தர்றேன் கண்ணு' என்றார், ஏதோ கோயில் விசேஷத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு. போனை மேஜைக்குள் போட்டுவிட்டு மட்கார்டைத் தட்டப் போய்விட்டார். அமுதா அழுதுகொண்டு சொன்னது, அப்பா செத்துட்டாரு மாமா, அம்மா உங்களைத்தான் கேக்குது. அக்காவுக்கு இவர் ஒரே பொறந்தவன். புருஷன் செத்தால் பொறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம்பிதான் கொண்டுபோய் அவள் மேல் போட வேண்டும், அதைப் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். படியூரில் அந்த வீட்டு வாசலில் அக்கா வேலாத்தாள் மத்தியானம் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வந்தர்றேன்னு சொல்லியிருக்கான், எந் தம்பி வந்துருவான், எடுத்தராதீங்க என்று எல்லார் காலிலும் விழாத குறையாகச் சொன்னாளாம். பொணம் தாங்காது என்று பெரியவர்கள் சொல்லி, கடைசியில் யாரோ பங்காளி ஒருத்தன் கடையில் எடுத்த சேலையைப் போட்டான். நஞ்சப்பன் அப்போது மட்கார்டு தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் கௌதம் வந்து, 'மாமா எழவுக்குப் போயிட்டு எப்பப்பா வந்தீங்க' என்று கேட்டபோதுதான் அவருக்கே தெரியும். அந்த நிமிஷம். அந்த ஒரே நிமிஷத்தில் வாயைத் திறந்து 'எனக்குக் கேக்கலைடா' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொன்னாரா? 'நான் எதுக்குடா போகோணும்? அந்தாளு அமுதா கலியாணத்துல என்னைய மொதப் பந்தியில உக்கார வெச்சானா?' என்றார். எங்கிருந்து வந்தது அந்தப் பந்தி? மச்சான் அன்றைக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்தார், இவர்தான் வேலையிருக்கிறது, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று போனார். செத்த மனுஷன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார். பந்திக் கதை ஊரெல்லாம் போயிற்று, படியூருக்கும் போயிற்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. தெய்வானை அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. நாலு தடவை படியூருக்கு பஸ் ஏறினார், நாலு தடவையும் படியூரில் இறங்காமல் காங்கேயம் வரை போய்த் திரும்பிவிட்டார். போய் என்ன சொல்வது? பந்திதான் காரணம் என்றால் அவள் மன்னித்தாலும் மன்னிப்பாள். காது என்று சொன்னால், அப்போ பந்தி பொய்யா, செத்தவர் மேல் பொய்ப் பழி போட்டாயா என்று கேட்பாளே. ஒரு பொய்க்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயிற்று. இழுத்தால் கொக்கிதான் கையோடு வரும். அக்கோய், எனக்குக் கேக்கலையக்கா, சாமி சத்தியமா எனக்குக் கேக்கலை, கேட்டிருந்தா ஓட்டமா ஓடி வந்திருக்க மாட்டனா, உனக்கு நான் கோடி போடாம யாரு போடுவா... இதை எத்தனை ராத்திரி மனசுக்குள் சொல்லியிருப்பார். மனசுக்குள் சொல்ல என்ன தடை, அங்கே யாரும் பதில் பேசுவதில்லை, பேசினாலும் நன்றாகக் கேட்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சனியனே, அந்தம்மா வருகிற நேரம், துடை. பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாகத் தவழ்ந்து போக முடியுமா என்று பார்க்க, நெற்றிக்கு நேராகத் தொங்கிய கண்ணாடியைத் திருப்பினார்.

கண்ணாடியில் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. ஹேமலதா வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் காபி டம்ளர். காபி மேல் ஆடை கட்டித் தடித்திருந்தது.

நஞ்சப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹேமலதா சுற்றி வந்து, ஜன்னலுக்கு நேராகக் குனிந்து, முகத்தை அவர் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டார். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"கூப்பிட்டேங்க. நாலஞ்சு தடவை கூப்பிட்டேன்."

"ரோசனையில இருந்துட்டனுங்க," என்றார் நஞ்சப்பன். பொய் எப்போதும் தயாராக நாக்கு நுனியில் இருந்தது.

"ரோசனை இல்லீங்க. நீங்க பேசிட்டு இருந்தீங்க."

"யாருகூட?"

"யாருகூடவும் இல்லீங்க. நீங்களாவே. நல்லா சத்தமா." அவர் டம்ளரை மேற்கூரை மேல் வைத்தார். "நீங்க கதவைச் சாத்துனதுல இருந்து கேட்டுட்டு நிக்கறேன். போகவும் மனசு வரல, கூப்பிட்டாலும் உங்களுக்கு..." அதை முடிக்கவில்லை. "உங்கக்கா பத்தியும் சொன்னீங்க."

நஞ்சப்பன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். மனசுக்குள் என்றல்லவா நினைத்திருந்தார்! இத்தனை நாளாக மனசுக்குள் பேசியதெல்லாம்? பட்டறையில் சேரில் உட்கார்ந்துகொண்டு கௌதமைத் திட்டியது? காங்கேயம் பஸ்ஸில்? ராத்திரி தெய்வானை பக்கத்தில் படுத்திருக்கும்போது? அவள் இப்போதெல்லாம் எது சொன்னாலும் அடுப்பை அணைத்துவிட்டு, கிட்டே வந்து, மூஞ்சிக்கு நேராக நின்றுகொண்டு சொல்கிறாள். திமிரைப் பார், சண்டைக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள் என்று இவர் நினைத்திருந்தார். ஐயோ, அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். ஆளாளுக்குத் தெரிந்துகொண்டு, மனுஷன் வாயால் சொல்லட்டும் என்று சும்மா இருந்திருக்கிறார்கள். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"உங்க அண்ணன்?" என்று கேட்டார்.

"லைன்லதான் இருந்தார். அவரும் கேட்டார்." ஹேமலதா வெளிக் கைப்பிடியை மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்து இழுத்தார். கதவு திறந்துகொண்டது. "இங்க கொண்டாந்து போட்டதுல இருந்து இதை இப்படித்தான் தெறக்கோணும். வண்டியப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிட்டு வெச்சுட்டார். எறங்குங்க, வேற காபி போடறேன்."

நஞ்சப்பன் இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

"அம்மா, இதுல அக்கான்னு ஒரு நம்பர் இருக்கும். கொஞ்சம் போட்டுப் பேசுங்க. அவ சொல்றது எனக்குக் கேக்காது. நீங்க கேட்டு எனக்குச் சொல்லுங்க."

"நானா?"

"எனக்குக் காது கேக்காதுங்கம்மா," என்றார் நஞ்சப்பன். மூன்று வருஷம் தொண்டையில் நின்ற வார்த்தை, இத்தனை சின்னதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

ஹேமலதா நம்பரைத் தேடிப் போட்டார். நஞ்சப்பன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலாத்தாளுங்களா? நான் கோயமுத்தூர்ல இருந்து பேசறேங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, உங்க தம்பி நல்லா இருக்கார், இங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கார்."

"அன்னிக்கு அமுதா சொன்னது எனக்குக் கேக்கலைன்னு சொல்லுங்க," என்றார் நஞ்சப்பன். "பந்தி கிந்தியெல்லாம் பொய்யின்னு சொல்லுங்க. மச்சான் என்னைய நல்லாத்தான் வெச்சிருந்தாருன்னு சொல்லுங்க."

சொன்னார். ஹேமலதா ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் உதடு மூடிக்கொண்டது, அப்புறம் வெகுநேரம் திறக்கவே இல்லை. போனைக் காதில் வைத்தபடி ஹேமலதா தரையைப் பார்த்தார், ஷெட்டின் தூணைப் பார்த்தார், நஞ்சப்பனை மட்டும் பார்க்கவில்லை. வெச்சுட்டாளா? வெச்சிருப்பாள். வைக்காமல் என்ன செய்வாள்.

"என்னங்கறா?"

"திட்டறாங்க," என்றார் ஹேமலதா, சங்கடத்தோடு.

"என்னன்னு?"

"வேண்டாங்க, அது எதுக்கு."

"அவ என்ன சொன்னாளோ அப்படியே சொல்லுங்கம்மா. ஒரு வார்த்தை குறைக்காதீங்க."

காலேஜில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்திய ஹேமலதா, ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கசாயம் குடிக்கிறவர் மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னார்.

"'காதுதானடா போச்சு கழுதை, வாயுமா போச்சு உனக்கு'ன்னு கேக்கறாங்க."

நஞ்சப்பன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஹேமலதா அவர் தோளைத் தொட்டார், அவர் நிமிரும் வரை காத்திருந்து மறுபடி பேசினார்.

"அழறாங்க. இருங்க, ஏதோ சொல்றாங்க. 'எப்ப வர்றே'ன்னு கேக்கறாங்க."

"இன்னிக்கே வர்றேனக்கா," என்றார் நஞ்சப்பன். "இப்பவே பஸ் ஏர்றேன்."

ஹேமலதா போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"நான் சொல்ல வேண்டியதில்லீங்க," என்றார். "அவங்களுக்குக் கேட்டிருச்சு."